வட்டாரப் பொருளாதாரத்தின் கூறாய்வு – கிண்டித் தொழிற்பேட்டையை முன்வைத்து

பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் மண்டிக்கிடந்த பொருள்களை எடுத்துரைக்கும் பகுதி தமிழ் மாணவர் அனைவரும் அறிந்ததே. அவர் அப்பொருள்களை வெறும் செல்வக் குவியலாகக் காட்டவில்லை. வடமலையின் மணியும் பொன்னும், குடமலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், கங்கைக் கரையின் விளைபொருள், காவிரியின் பயன், ஈழத்து உணவு, காழகத்துச் செல்வம் என எங்கிருந்து எது வந்தது என்று பிரித்துச் சொல்கிறார். கடலிலிருந்து கரைக்கு வருவதும் கரையிலிருந்து கடலுக்குப் போவதும் தனித்தனியே எண்ணப்பட்டுப் புலிப்பொறி பெற்றன என்றும் கூறுகிறார். புலவர் நோக்கம் கணக்கெழுதுவது அன்று. எனினும், ஓர் ஊருக்குள் வருவது எது, ஊரிலிருந்து வெளியே செல்வது எது என்று பிரித்தறிவதே வட்டாரப் பொருளியல் ஆய்வின் முதற்படி என்பதை இன்றைய பொருளியலார் ஒப்புவர்.

ஒரு நாட்டின் பொருளாதாரம் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல. ஒரு பேட்டையின், ஒரு தெருவின் பொருளாதாரம் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. ஆனால் சாலை போடுவதும், நிலத்தின் பயனை மாற்றுவதும், பயிற்சி நிலையம் அமைப்பதும் பேட்டையிலும் தெருவிலுந்தான் நடைபெறுகின்றன. அந்த வட்டாரத்தில் என்ன தொழில்கள் உள்ளன, அவை ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்துள்ளன, எதனால் வெளியூர்ப் பணம் உள்ளே வருகிறது என்பவற்றை அறியாமல் வகுக்கும் வளர்ச்சித் திட்டம், நாடி பிடித்துப் பாராமல் எழுதிய மருந்துச் சீட்டை ஒக்கும். இக்கருத்தைச் சென்னைக் கிண்டியைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கிண்டி நமக்கு அண்மையிலுள்ளது என்பது ஒரு காரணம். அங்கு நிலத்தின் பயன் கண்முன்னே மாறிவருகிறது என்பது அதனினும் பெரிய காரணம்.

கிண்டியின் தோற்றம்

கிண்டி தொடக்கத்தில் தொழிலூர் அன்று. பரந்த வனமும், ஆளுநர் மாளிகையும், குதிரைப் பந்தயத் திடலும் கொண்ட நகர்ப்புறப் பகுதியாகவே அது இருந்தது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய பொறியியற் கல்லூரி 1920இல் இங்கு இடம்பெயர்ந்தது. நோய்த்தடுப்பு மருந்து ஆய்வுக்கான கிங் நிலையம் 1899இல் நிறுவப்பட்டது. 1948இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும், 1959இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அருகருகே அமைந்தன. ஆக, கிண்டிச் சுற்றுவட்டாரத்து நிலத்தின் பெரும்பகுதி அரசின் கையிலோ அரசு சார்ந்த நிறுவனங்களின் கையிலோ இருந்துவந்தது. இதனை மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். தனியார் நிலத்தின் தலைவிதியைச் சந்தை முடிவு செய்கிறது. பொது நிலத்தின் தலைவிதியை முடிவு செய்வோர் மக்களுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

காமராசர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழிலமைச்சராகவும் இருந்த காலத்தில், 1958இல், ஏறத்தாழ 404 ஏக்கர் பரப்பில் கிண்டித் தொழிற்பேட்டை உருவாயிற்று. சிறுதொழில் தொடங்க விரும்புபவனிடம் கைத்திறன் இருக்கும்; நிலம் வாங்கவும், மின் இணைப்புப் பெறவும், கூரை போடவும் முதல் இராது. அந்த மூன்றையும் அரசே செய்து, கட்டிமுடித்த கொட்டகையை அவன் கையில் ஒப்படைத்தால் அவன் நேரே எந்திரத்தை இறக்கி வேலையைத் தொடங்கலாம் என்பதே பேட்டைக் கொள்கை. பேட்டைக்கு அருகிலேயே மத்திய அரசின் சிறுதொழில் சேவை நிலையம் அமைந்தது. தேசியச் சிறுதொழில் கழகத்தின் பயிற்சி நிலையம் ஈக்காட்டுத்தாங்கலில் எழுந்தது. 1968இல் பிளாஸ்டிக் பொறியியலுக்கான மத்திய நிறுவனமும் கிண்டிக்கு வந்தது. 1970இல் தோன்றிய தமிழ்நாடு சிறுதொழில் வளர்ச்சிக் கழகம், மக்கள் வழக்கில் ‘சிட்கோ’, பின்னர்ப் பேட்டையின் பொறுப்பை ஏற்றது.

பேட்டைக்குத் திரு.வி.க. பெயர் சூட்டப்பட்டுள்ளது. தமிழ்த்துறை மலரில் இதைக் குறிப்பிடாமல் செல்ல மனம் ஒப்பவில்லை. தேசபக்தன், நவசக்தி ஆகிய இதழ்களின் வாயிலாக உரைநடைக்குப் புதுநடை தந்த அப்பெரியார், 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்தவர்களுள் ஒருவர். தமிழாசிரியர் ஒருவர் பெயரால் ஒரு தொழிற்பேட்டை விளங்குவது பொருத்தமற்றது என்று எண்ணுவோர் அவர் வரலாற்றை அறியாதோரே.

இப்பேட்டை தனியாக வளரவில்லை. எண்ணூரில் அசோக் லேலண்டு, பெரம்பூரில் 1955 முதல் ரயில்பெட்டித் தொழிற்சாலை, பாடியில் 1961 முதல் லூகாஸ் டி.வி.எஸ். எனப் பெருந்தொழிற்சாலைகள் சென்னையைச் சூழ்ந்து எழுந்த காலம் அது. பெருந்தொழிற்சாலை எல்லா உறுப்புகளையும் தானே செய்துகொள்வதில்லை. போல்ட்டு, புஷ், பிராக்கெட் முதலியவற்றை வெளியே செய்வித்து வாங்கும். அந்த ‘வெளியே’ என்ற சொல்லின் முகவரிகளுள் ஒன்று கிண்டி.

அளக்கும் கோல்கள்

ஒரு வட்டாரத்தின் தொழிற்கூறுகளை அளக்கப் பொருளியலார் கையாளும் கோல்களுள் எளியது இட ஈவு என்பது. ஒரு தொழிலில் ஈடுபட்டோர் அவ்வட்டாரத்தின் மொத்தத் தொழிலாளருள் எத்தனை விழுக்காடு என்று கண்டு, அதே தொழிலில் மாநில அளவிலான விழுக்காட்டால் அதனை வகுக்கவேண்டும். ஈவு ஒன்றாயின் அவ்வட்டாரம் மாநிலத்தைப் போன்றதே. ஒன்றை விஞ்சினால் அத்தொழிலில் அது சிறப்புற்றது. எடுத்துக்காட்டாக, ஒரு பகுதியில் 20,000 தொழிலாளர் உள்ளனர் என்றும், அவர்களுள் 3,000 பேர் உலோக வேலையில் உள்ளனர் என்றும் கொள்வோம். இது 15 விழுக்காடு. மாநில அளவில் 5 விழுக்காடு எனில் ஈவு 3. மாநிலத்தைப் போல 5 விழுக்காடு மட்டும் இருந்திருந்தால் 1,000 பேரே போதும். எஞ்சிய 2,000 பேர் வெளியூர்களின் தேவைக்காக உழைக்கின்றனர் என்று கொள்ளலாம். இவை விளக்கத்துக்காகச் சொன்ன எண்கள். கிண்டியின் கணக்கு அல்ல.

வெளியூர்ப் பணத்தைக் கொண்டுவரும் இத்தகைய தொழிலை அடிப்படைத் தொழில் என்பர். அப்பணத்தைக் கைமாற்றி வாழும் தேநீர்க் கடை, மளிகைக் கடை, மருந்துக் கடை, முடிதிருத்தும் நிலையம் முதலியவை சார்புத் தொழில்கள். ஓர் அடிப்படைத் தொழில் நலிந்தால் அதன் பின்னே பல சார்புத் தொழில்கள் நலியும். கோலார் தங்கவயலில் 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது, அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேற நேர்ந்தது. ஒரே தொழிலில் மிக உயர்ந்த ஈவு பெற்றிருப்பது பெருமையாகத் தோன்றும். உண்மையில் அஃது ஒற்றைக் காலில் நிற்பது.

இரண்டாவது கோல், காலத்தால் நேர்ந்த மாற்றத்தைப் பிரித்துப் பார்ப்பது. ஒரு பேட்டையில் குறிப்பிட்ட தொழிலில் 1,000 பேர் இருந்து பத்தாண்டில் 920 ஆயினர் என்போம். எண்பது பேர் குறைந்தனர் என்பது செய்தி. ஏன் குறைந்தனர் என்பதே ஆய்வு. அதே காலத்தில் மாநிலத்தின் மொத்த வேலைவாய்ப்பு 10 விழுக்காடு பெருகியது எனில், பொதுப்போக்கின்படி இங்கு 100 பேர் கூடியிருக்க வேண்டும். அத்தொழில் மட்டும் மாநில அளவில் 4 விழுக்காடே வளர்ந்தது எனில், தொழிலின் தளர்ச்சியால் 60 பேர் குறைந்தனர். எஞ்சிய 40 பேரும் கூடாமல், இருந்தவருள்ளும் 80 பேர் போயினர். ஆக 120 பேரின் இழப்புக்கு அந்த இடமே காரணம். வாடகையோ, சாலையோ, மழைநீரோ, உரிமப் பிரச்சினையோ ஏதோ ஒன்று அங்கே உறுத்துகிறது.

இந்தப் பிரிவினை வெறும் கணக்கு விளையாட்டன்று. தொழிலே தேய்கிறது எனில் உதவி ஒருவகை. இடம் உறுத்துகிறது எனில் உதவி மற்றொருவகை. கிண்டியில் 1960இல் தோன்றிய இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவனத்தை எண்ணிப் பாருங்கள். டெலிபிரிண்டர் என்னும் கருவிக்கே உலகெங்கும் வேலையற்றுப் போயிற்று. 2013 ஜூலையில் இந்தியத் தந்திச் சேவையும் நின்றது. சாலையை எவ்வளவு அகலப்படுத்தியிருந்தாலும் டெலிபிரிண்டரை மீட்டிருக்க முடியாது. அந்நிறுவனம் பிற தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு மாறியது. 2001இல் அதன் பெரும்பான்மைப் பங்கு தனியாரிடம் சென்றது. மாறாக, தன் பொருளுக்கு நல்ல கிராக்கி இருந்தும், வாடகை தாளாமல் நகரைவிட்டு வெளியேறும் கடைசல் பட்டறைக்குப் புதுத் தொழில் கற்பிக்கும் முகாம் நடத்துவதால் என்ன பயன்? அதற்கு வேண்டியது இடம்.

தோல் தொழில் தந்த படிப்பினை

கூறாய்வு கொள்கையை மாற்றிய உண்மை நிகழ்ச்சி ஒன்று நம் மாநிலத்திலேயே உண்டு. பெரியமேட்டிலும், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களிலும் தோல் வணிகம் செய்த பெரியவர்கள் இதனை என்னினும் நன்கறிவர். நெடுங்காலம் தமிழகம் அரைப்பதமான தோலையே கப்பலேற்றியது. அதனைச் செருப்பாகவும் பையாகவும் ஆக்கிய இலாபம் ஐரோப்பாவுக்குச் சென்றது. ஏற்றுமதி மதிப்பு எவ்வளவு என்று மட்டும் பார்த்தபோது தொழில் செழிப்பாகவே தோன்றிற்று. எந்நிலைப் பொருள் ஏற்றுமதியாகிறது என்று கூறுபடுத்திப் பார்த்தபோதுதான், வேலையின் பிற்பாதி முழுவதும் கடலுக்கு அப்பால் நடப்பது தெரிந்தது. சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின் 1973இல் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அளவு வரையறுக்கப்பட்டது. வணிகர் பலர் அதை அப்போது வரவேற்கவில்லை. ஆயினும் முழுப்பதத் தோலும், காலணி மேற்பகுதியும், காலணியும் செய்யும் தொழிற்கூடங்கள் பாலாற்றங்கரையில் எழுந்தன. கிண்டியை ஒட்டிய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் நுட்பம் இதற்குத் துணைநின்றது. ஆம்பூரிலும் சுற்றிலும் பல்லாயிரம் பெண்கள் காலணிக் கூடங்களில் வேலை பெற்றனர்.

அதே கணக்கில் ஒரு பத்தி விடுபட்டிருந்தது. பாலாற்று நீரும் நிலத்தடி நீரும் அதில் எழுதப்படவில்லை. 1996 ஆகஸ்டில் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அந்தப் பத்தி நீதிமன்றத்தால் எழுதப்பட்டது. வேலை எத்தனை, ஏற்றுமதி எவ்வளவு என்பதோடு, எந்த நீரை எடுத்து எந்த நீரை விடுகிறது என்பதையும் தொழிற்கூறாய்வு கேட்கவேண்டும். அடையாற்றின் கரையிலுள்ள கிண்டிக்கும் ஈக்காட்டுத்தாங்கலுக்கும் இது பொருந்தும். அங்கே முலாம் பூசும் பட்டறைகளைப் பற்றிப் பேசும்போது நாணயமாகப் பேசவேண்டும்.

எண்களுக்குள் அடங்காதவை

இனிக் கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். மேற்கூறிய கோல்கள் நல்லவை. ஆனால் அவற்றுக்கு ஊட்ட வேண்டிய எண்கள் கிண்டியைப் பொறுத்தவரை எளிதில் கிட்டா. பொருளாதாரக் கணக்கெடுப்பு 1977 முதல் அவ்வப்போது நடைபெற்று வருகிறது; ஆறாவது 2013-14இல் நடந்தது. அதன் முடிவுகள் மாவட்ட அளவில் தொகுக்கப்படும்போது பேட்டை மறைந்துவிடுகிறது. மாவட்ட எல்லையும் நிலையானதன்று. கத்திப்பாராவின் மறுபுறத்து ஆலந்தூர் 2018 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. பின்னரே சென்னையுடன் இணைந்தது. எல்லைமாற்றத்தைக் கருதாமல் இரண்டு ஆண்டுகளின் சென்னைக் கணக்கை ஒப்பிட்டு, தொழில் வளர்ந்தது என்று முடிவு கட்டினால் நகைப்புக்கே இடமாகும். தொழிற்சாலைப் பதிவேடுகளோ குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள் வைத்திருப்போரையே காணும். உரிமையாளர், அவர் தம்பி, இரண்டு ஆட்கள் என நால்வர் நடத்தும் பட்டறையை அவை காணா.

வகைப்பாட்டிலும் சிக்கல் உண்டு. 2008ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் உலோகத்துக்கு முலாம் பூசுவதும், உலோகத்தைக் கடைந்து இழைப்பதும் ‘2592’ என்னும் ஒரே எண்ணுக்குள் அடங்குகின்றன. ஒன்று அமிலத்தொட்டியும் கழிவுநீரும் கொண்ட தொழில். மற்றது எண்ணெய்க் கறையும் இரும்புத் தூளும் கொண்ட தொழில். பதிவேட்டில் இரண்டும் ஒன்று. இடையே உள்ள உறவு அதில் எழுதப்படுவதேயில்லை.

அந்த உறவே பேட்டையின் உயிர். ஒரு பம்புக்கு வேண்டிய சிறு உறுப்பொன்று எவ்வாறு உருவாகிறது என்று பாருங்கள். வரைபடம் வந்ததும் ஒருவர் மரத்தில் மாதிரி செய்கிறார். பவுண்டரியில் அது வார்க்கப்படுகிறது. வார்த்ததை ஒரு லேத் பட்டறை கடைகிறது. மில்லிங் எந்திரம் வேறொருவரிடம்; துளையிடுவதற்கான ஜிக் செய்பவர் மற்றொருவர். பின்னர் ஹீட் ட்ரீட்மெண்ட், அதன்பின் கிரைண்டிங், இறுதியில் முலாம் அல்லது பவுடர் கோட்டிங். ஒரே பொருள் ஏழெட்டுக் கூரைகளின் கீழ் நுழைந்து வெளிவருகிறது. பெரும்பாலும் மிதிவண்டியிலோ, மூன்றுசக்கர வண்டியிலோ, டி.வி.எஸ். 50இன் பின்னிருக்கையிலோ அது பயணம் செய்கிறது. இதனையே ‘ஜாப் ஒர்க்’ என்பர். இந்த ஏழெட்டுப் பேருள் எவரும் அந்தப் பம்பைத் தம் பொருளென்று சொல்லமாட்டார். எல்லோரும் சேர்ந்தால்தான் அது பொருள்.

இங்கிலாந்தின் ஆல்பிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட தம் நூலில், ஒரே தொழில் செய்வோர் ஓரிடத்தில் நெடுநாள் கூடி வாழும்போது அத்தொழிலின் நுட்பங்கள் காற்றில் கலந்தாற்போல ஆகிவிடுகின்றன என்ற கருத்தைச் சொன்னார். அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், கைத்தொழில்கள் நகரின் குடிப்பெருக்கத்தோடும் தேவையோடும் சேர்ந்தே முதிர்கின்றன என்றும், நகர் தளர்ந்தால் அவையும் தேய்கின்றன என்றும் எழுதியுள்ளார். கைத்திறன் வேரூன்றப் பல தலைமுறைகள் வேண்டும் என்பது அவர் கருத்து. அதைப் பிடுங்க ஒரு குத்தகை ஆணை போதும் என்பது என் கருத்து.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது இவ்வுறவு வேறொரு வகையில் வெளிப்பட்டது. கிண்டியிலும் ஈக்காட்டுத்தாங்கலிலும் எந்திரங்கள் நீரில் மூழ்கின. நீர் புகாத பட்டறைகளும் வேலையின்றி நின்றன. ஏனெனில் அவற்றுக்கு முந்திய வேலையையோ பிந்திய வேலையையோ செய்யும் பட்டறை மூழ்கியிருந்தது. அந்த இரண்டாவது இழப்பைப் பதிய எந்த இழப்பீட்டுப் படிவத்திலும் இடமிருப்பதில்லை.

இன்று கேட்கப்படும் கேள்வி

புத்தாயிரத்தின் முதற் பத்தாண்டில் பேட்டையின் எல்லைக்குள்ளேயே ஒலிம்பியா போன்ற உயர்ந்த தகவல்தொழில்நுட்பக் கட்டடங்கள் எழுந்தன. 2008இல் கத்திப்பாரா மேம்பாலம் திறக்கப்பட்டது. 2015இல் ஈக்காட்டுத்தாங்கலுக்கும் 2016இல் கிண்டிக்கும் மெட்ரோ ரயில் வந்தது. 2023 ஜூனில் கிங் நிலைய வளாகத்தில் 1,000 படுக்கைகள் கொண்ட கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை திறக்கப்பட்டது. 2024இல் பந்தயத் திடலின் குத்தகையை ரத்துசெய்து ஏறத்தாழ 160 ஏக்கர் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதுபற்றிய வழக்கும் எழுந்தது. இவற்றால் நிலத்தின் விலை ஏறும் என்பதற்கு ஆய்வே தேவையில்லை. வாகன உற்பத்தியின் மையமும் நகர்ந்துவிட்டது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது முதல் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளே உதிரிப்பாகத் தொழிலைக் கவர்கின்றன. இந்நிலையில், நகரின் நடுவில் லேத் பட்டறைகள் எதற்கு என்று கேட்போர் பெருகிவருகின்றனர்.

அக்கேள்வியை எள்ளி நகையாடுவதற்கில்லை. மென்பொருள் நிறுவனமும் வெளிநாட்டுப் பணத்தைக் கொணரும் அடிப்படைத் தொழிலே. ஓர் ஏக்கரில் எத்தனை பேர் என்று கணக்கிட்டால் பட்டறையைவிட மாடிக் கட்டடம் பன்மடங்கு ஆட்களைத் தாங்கும். புகையில்லை, அமிலக் கழிவில்லை. மருத்துவமனையின் பயனை மறுப்பாரும் இரார். ஆனால் ஓர் ஏக்கருக்கு எத்தனை பேர் என்ற அளவுகோல் மட்டும் போதுமா? அந்த வேலை யாருக்குக் கிட்டுகிறது என்பதும் ஓர் அளவுகோல் அல்லவா? கிண்டி அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர், டர்னர் படித்து வெளிவரும் இளைஞன் தன் கைவேலையைக் காட்டிப் பட்டறையில் சேரமுடியும். மாடிக் கட்டடத்தில் அவனுக்கு உள்ள வேலை பெரும்பாலும் காவலும் துப்புரவும் உணவு வழங்கலுமே. மேலும், பட்டறை ஒன்று வெளியேறும்போது குறைவது அதன் நான்கு பேர் வேலை மட்டுமன்று. ஹீட் ட்ரீட்மெண்ட் செய்யும் ஒரே உலை திருமுடிவாக்கத்துக்குப் போய்விட்டால், எஞ்சிய இருபது கடைசல் பட்டறைகளும் ஒவ்வோர் உறுப்புக்கும் கூடுதலாக ஒருநாளும் வண்டிச் செலவும் கொடுக்கவேண்டும். அவற்றுள் சில அதனைத் தாங்கா.

திருக்குறளில் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரம், ஒரு செயலில் இறங்குமுன் கெடப்போவது எது, விளையப்போவது எது, விளைந்தபின் எஞ்சும் பயன் எது என மூன்றையும் எண்ணச் சொல்கிறது. நம் திட்டக் குறிப்புகளில் விளையப்போவது மிக விரிவாக எழுதப்படுகிறது. கெடப்போவது எது என்ற பக்கம் வெறுமையாக உள்ளது. யாரும் மறைத்ததால் அன்று, யாரும் எண்ணாததால். உலை எங்குள்ளது, அதை நம்பியவர் எத்தனை பேர் என்று தெரிந்தால், எதை இடம்பெயர்த்தாலும் தீங்கில்லை, எதை அகற்றினால் பத்துத் தொழில் படுத்துவிடும் என்று பிரித்துச் சொல்லமுடியும். முலாம் பட்டறைகளை வெளியேற்றுவதா, அவற்றுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்துத் தருவதா என்பதையும் அப்போதே நியாயமாக முடிவு செய்யமுடியும். பட்டறைகள் யாவும் இருந்த இடத்திலேயே என்றென்றும் இருக்கவேண்டும் என்பது என் வாதமன்று.

மாணவர் செய்யக்கூடியது

1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியற் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர் தம் மாணவர்களை விடுமுறையில் சொந்த ஊர்களுக்கு அனுப்பி, வினாப்பட்டியலின் துணையோடு ஊர்க்கணக்கு எடுக்கச் செய்தார். 1918இல் அது நூலாயிற்று. இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி முதலிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. 1936-37இல் பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மீண்டும் ஆராய்ந்தனர். 1980களின் தொடக்கத்தில் அடையாற்றிலுள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகன் இருவேல்பட்டுக்குச் சென்றார். மாணவர் ஒருவர் விடுமுறையில் எழுதிய குறிப்பிலிருந்து ஓர் ஊரின் நூற்றாண்டு வரலாறு கிளைத்தது. சிலேட்டரின் மாணவர்கள் பெரும் புள்ளியியலாளர்கள் அல்லர். தம் ஊரைத் தெரிந்தவர்கள்; கேட்கத் தெரிந்தவர்கள்.

அவ்வாறே கிண்டிப் பேட்டையின் தெருக்களை நம் மாணவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். பொருளியல், வணிகவியல் மாணவர்களோடு தமிழ் மாணவர்களும் செல்லவேண்டும் என்பேன். காரணம் உண்டு. அரசுப் படிவத்தின் மொழியில் ‘புனையப்பட்ட உலோகப் பொருள் உற்பத்தி செய்கிறீர்களா?’ என்று கேட்டால் பட்டறைக்காரர் இல்லை என்றே விடையிறுப்பார். அவர் செய்வது கடைசல். அல்லது டை வேலை. அல்லது ‘பிரஸ் வேலை’. அவர் சொல்லால் கேட்டால் அவர் ஒருமணி நேரம் பேசுவார். பட்டறையின் சொற்களைத் தொகுத்தாலே ஆய்வின் பாதி முடிந்துவிடும். ஏனெனில் அச்சொற்கள் எந்த வகைப்பாட்டு எண்ணையும்விட நுட்பமாகத் தொழில்களைப் பிரிக்கின்றன. அத்தொகுப்பு தமிழ்த்துறைக்கும் ஒரு கொடையாகும்.

வினாக்கள் நீளவேண்டியதில்லை. எந்த ஆண்டு முதல் இங்கு இருக்கிறீர்கள். சொந்தமா, வாடகையா, உள்வாடகையா. எத்தனை பேர், அவர்கள் எங்கிருந்து வருகின்றனர். எந்த வயதில் எங்கே வேலை கற்றனர். கடந்த வாரம் வேலை தந்தவர் எவர், வேலை முடித்து எவரிடம் கொடுத்தீர்கள். அவ்விருவரும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளனரா. அவருள் ஒருவர் இல்லாமற்போனால் வேறு எவரிடம் செல்வீர்கள். சம்பளமும் வருமானமும் முதல்நாளே கேட்கவேண்டா. கேட்டால் பதில் வராது, வந்தாலும் உண்மையாக இராது. இரண்டாம்முறை செல்லும்போது அவர்களே சொல்வர். விடைகளை ஒரு பெரிய தாளில், பட்டறைக்கொரு புள்ளியும் வேலைக்கொரு கோடுமாக வரைந்தால், எந்தப் புள்ளியில் கோடுகள் அதிகம் கூடுகின்றன என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். கோடு கூடும் புள்ளிகளை எண்ணி, இட ஈவையும் காலமாற்றக் கணக்கையும் அவற்றின் பக்கத்தில் வைத்துச் சிட்கோவிடமும் மாநகராட்சியிடமும் கொடுக்கலாம். சமுதாயப் பெரியவர்களுள் பேட்டையில் பட்டறை வைத்திருப்போரும் வைத்திருந்தோரும் உள்ளனர். அவர்கள் ஒரு சொல் சொன்னால் மாணவர்களுக்குக் கதவு திறக்கும்.

பணியை ஆவணிக்குள் முடித்துக்கொள்வது நன்று. ஐப்பசி மழை தொடங்கினால் தெருக்களில் நீர் நிற்கும். தாளும் பேனாவும் கொண்டு நடப்பது அரிது. ஒரு குழு மட்டும் மழை நாள்களில் மீண்டும் போகவேண்டும். எந்தத் தெருவில் எத்தனை நாள் நீர் நின்றது, எத்தனை எந்திரங்கள் ஓடாமல் கிடந்தன, யாருடைய வேலை யாரால் தாமதமாயிற்று என்பவற்றை அப்போதுதான் நேரில் கண்டு எழுதமுடியும்.